மரப்பட்டையின் இரு குடிகள்

புல்லுருவி என்ற சொல்லை நம் மக்கள் நெடுங்காலமாக வசைச்சொல்லாக வழங்கி வருகின்றனர். மாமரக் கிளையிலே வேரூன்றி, அம்மரம் மண்ணிலிருந்து ஏற்றிய நீரைத் தான் இடைமறித்து உறிஞ்சி வளரும் செடி அது. ஆகையால் அவ்வசைக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், மரத்தின் மேல் வாழும் உயிர்கள் அனைத்தும் புல்லுருவிகள் அல்ல. மரத்தின் மேல் இருப்பது ஒன்று. மரத்தை உண்டு இருப்பது வேறொன்று. இவ்வேற்றுமையைத் தெளிவாகக் காண்பதற்காக, நேயர்களே, இன்று இரண்டு உயிர்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் வாழும் மிகச் சிறிய குரங்கு. மற்றொன்று, நம் வீட்டுச் சமையலறையில் பட்டை, கிராம்புகளுடன் ஒரே டப்பாவில் கிடக்கும் கல்பாசி.

குரங்கையும் கல்பாசியையும் ஒரே தராசில் வைப்பதா என்று நீங்கள் நகைக்கலாம். இரண்டும் ஒரே காட்டில் வாழ்வனவும் அல்ல. இடையே பெருங்கடல் கிடக்கிறது. எனினும் இரண்டும் மரப்பட்டையைக் குடியிடமாகக் கொண்டவை; தம்மந்தம் ஆற்றலால் மட்டும் வாழ இயலாதவை. அன்றியும், முதலாவதன் உணவும் இரண்டாவதன் உடலும் மளிகைக் கடையில் அருகருகே விற்கப்படுகின்றன. அந்தக் குரங்கு உண்பது மரப்பிசின். நாமும் பாதாம் பிசினை இரவில் ஊறவைத்து ஜிகர்தண்டாவில் இட்டுப் பருகுகிறோம். வடநாட்டில் குடியிருக்கும் நம்மவர் குளிர்காலத்தில் கோந்து லட்டையும் சுவைத்திருப்பர்.

முதலில் குரங்கைப் பார்ப்போம். அதன் பெயர் குள்ள மார்மொசெட். மார்மொசெட் என்பது விகாரமான சிறு பொம்மையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இப்பிராணியின் முகத்தைக் கண்ட பின்னும் அப்பெயரை இட மனம் வந்தவர்களை நாம் வியக்கிறோம். ஸ்பானிய மொழி பேசும் மக்கள் இதனைச் சிங்கக்குட்டி என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். முகத்தைச் சுற்றியுள்ள பிடரிமயிரைக் கண்டோர்க்கு இதுவே பொருத்தமாகத் தோன்றும். பவேரிய நாட்டு விலங்கியலார் ஸ்பிக்ஸ் என்பவர் 1817 முதல் 1820 வரை பிரேசிலில் பயணம் செய்து திரும்பியபின், 1823-இல் இதனை உலக அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். இப்பொழுது இதனை மேற்கு, கிழக்கு என இரண்டு இனங்களாகப் பிரித்துக் கூறுகின்றனர். பிரேசில், கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா ஆகிய நாடுகளில், மேல் அமேசான் ஆறுகளின் கரையோரக் காடுகளே இதன் இருப்பிடம்.

வளர்ந்த குரங்கின் எடை 100 கிராமுக்குச் சற்று மேல். ஒரு நல்ல கொய்யாப்பழத்தின் எடை என்று கொள்ளலாம். உடலின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். வால் அதைவிட நீண்டது. மடகாஸ்கர் தீவிலுள்ள சுண்டெலி லெமூர்கள் இதனினும் சிறியவை என்று யாரேனும் மறுத்துரைக்கலாம். உண்மைதான், ஆனால் லெமூர்கள் குரங்குகள் அல்ல.

இக்குரங்கின் தொழிலை அறிய அதன் பல்லையும் விரலையும் பார்க்க வேண்டும். நம் மரக்கிளைகளில் தாவும் குரங்குகளுக்கு மனிதனைப் போலத் தட்டையான நகங்கள் உண்டு. இதற்கோ, கால் பெருவிரல் ஒன்று நீங்கலாக மற்றெல்லா விரல்களிலும் அணிலினுடையதைப் போன்ற கூரிய நகங்கள். கைக்குள் அடங்காத பருத்த மரத்தண்டில் செங்குத்தாகப் பற்றி நிற்க இவை உதவுகின்றன. மேல் வரிசைப் பற்களைப் பட்டையில் ஊன்றிக்கொண்டு, கீழ் முன்பற்களால் கீழிருந்து மேல்நோக்கிச் செதுக்குகிறது. அக்கீழ்ப்பற்களின் உட்புறத்தில் எனாமல் என்னும் கடினப் பூச்சு மிகக் குறைவு. எனவே தேயத் தேய முனை கூர்மையடையும். தச்சனின் உளியைப் போல என்று சொன்னால் போதும். ஒரே மரத்தில் இவ்வாறு நூற்றுக்கணக்கான சிறு துளைகள் காணப்படும். காயம்பட்ட மரம் அக்காயத்தை அடைக்கப் பிசினைக் கசியவிடுகிறது. மரம் தனக்கு இட்டுக்கொள்ளும் மருந்தையே குரங்கு நக்கி உண்கிறது. முன்பு செதுக்கிய துளைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து, அவற்றைப் புதுப்பித்து, மீண்டும் உண்கிறது.

பிசின் எளிதில் செரிக்கும் பொருள் அன்று. அதிலுள்ள மாவுப்பொருள்களைப் பிரிக்கும் செரிமானச் சாறு பாலூட்டிகளின் உடலில் சுரப்பதில்லை. மார்மொசெட்டின் பெருங்குடல் வாயிலிலுள்ள பை பெரிதாக அமைந்திருக்கிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களே பிசினைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. குரங்கு மரத்தின் மேல் குடியிருக்கிறது. குரங்கினுள் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இதனை நினைவில் வையுங்கள். கல்பாசிக்கு வரும்போது இதையொத்த ஒரு செய்தி காத்திருக்கிறது. பிசினில் கால்சியம் மிகுதி, புரதம் குறைவு. அக்குறையைப் பூச்சிகளைப் பிடித்துண்டு நிரப்பிக்கொள்கிறது.

நம் நாட்டில் இவ்வகைத் தொழில் செய்யும் பிராணியைத் தேடுவோர் அஸ்ஸாம், திரிபுரா முதலிய வடகிழக்கு மாநிலங்களுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள வங்காளத் தேவாங்கும் இரவில் பட்டையைக் கடித்துப் பிசின் உண்பது. அது குரங்கன்று, உறவின் முறையில் சற்றுத் தூரத்துப் பங்காளி.

குள்ள மார்மொசெட்டின் குடும்ப வாழ்க்கை சுவையானது. இரண்டு முதல் ஒன்பது வரை உறுப்பினர் கொண்ட கூட்டம், ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த நிலத்தில் வாழ்ந்துவிடும். அந்நிலத்தின் நடுநாயகம் பிசின் தரும் ஒரு மரம். அதில் ஊற்று வற்றத் தொடங்கினால் குடும்பம் முழுவதும் பக்கத்திலுள்ள வேறு மரத்துக்குப் பெயர்ந்துவிடும். வழக்கமாக இரட்டைக் குட்டிகள் பிறக்கின்றன. பிறந்த குட்டி சுமார் 15 கிராம். தாய் பால் கொடுப்பதோடு சரி. சுமப்பதெல்லாம் தந்தையும் மூத்த பிள்ளைகளுமே. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்னோடன் என்பவரும் அவருடைய குழுவினரும் இக்குட்டிகளின் ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். பெரியவை பல்வேறு தறுவாய்களில் எழுப்பும் ஒலிகளை எல்லாம் குட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் காரணமின்றிக் கொட்டித் தீர்க்கிறது. மனிதக் குழந்தையின் மழலையை இது பெரிதும் ஒத்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. மழலை பேசும் குட்டியிடம் பெரியவை நெருங்கி வந்து கொஞ்சுவதும் உண்டாம்.

இனிக் கல்பாசி. சென்னைக் கடையில் கல்பாசி. தில்லியில் பத்தர் கே பூல். மும்பையில் தகட் பூல். ஆந்திரத்தில் ராதி புவ்வு. கன்னட நாட்டில் கல்லு ஹூவு. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தார் இப்பெயர்களைக் கற்றுக்கொள்ளப் படும் பாட்டை நாம் அறிவோம். தேசம் முழுதும் எத்தனை மொழியில் கேட்டாலும் 'கல்' என்ற சொல் மட்டும் தப்புவதில்லை. ஆனால் விற்பனைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி கல்லில் விளைந்ததன்று. இமயமலைச் சரிவிலுள்ள கருவாலி முதலிய மரங்களின் பட்டையிலிருந்து உரித்தெடுக்கப்பட்டது. சந்தேகமுள்ளோர் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். ஒருபுறம் சாம்பல் நிறம், மறுபுறம் கறுப்பு. அக்கறுப்புப் புறத்தில் பட்டைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது பலமுறையும் காணக்கூடியதே.

பெயரின் முற்பகுதிதான் பிழை என்றால் பிற்பகுதியும் அரைகுறையே. அது பாசி மட்டும் அன்று. பள்ளிப் பாடநூல்கள் லைக்கன் என்று எழுதும் உயிர்வகையைச் சேர்ந்தது அது. லைக்கன் என்பது ஓருயிர் அன்று; பூஞ்சையும் பாசியும் கூடி அமைத்த குடித்தனம். பூஞ்சையின் மெல்லிய இழைகள் பின்னி மேல்தோலும் அடித்தோலும் ஆகின்றன. இடையில் பசும்பாசியின் அணுக்கள் அடைக்கலம் பெறுகின்றன. பாசி சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கிறது. பூஞ்சை அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, பாசிக்கு நிழலும் ஈரமும் தருகிறது. 1867-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் சைமன் ஷ்வெண்டனர் இவ்வுண்மையை வெளியிட்டபோது, லைக்கன் ஆராய்ச்சியில் பழுத்த பெரியோர் பலர் சினந்தனர். ஓருயிரென்று தாம் பெயரிட்டு வகைப்படுத்தியவை எல்லாம் இரட்டையர் என்று ஒருவர் சொன்னால் சினம் வராதா?

ஷ்வெண்டனர் இக்கூட்டை விளக்க எடுத்த உவமை எசமானும் அடிமைகளும் என்பது. பூஞ்சை எசமான், பாசிகள் சிறைப்பட்ட அடிமைகள். 1879-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி கூட்டுவாழ்வு என்ற கருத்தை விரித்துரைத்தபோது லைக்கனே அவருக்கு முக்கியச் சான்றாயிற்று. அடிமைத்தனமா, கூட்டுறவா என்ற வழக்கு இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. நம் அபிப்பிராயத்தில் எசமான் என்ற சொல் மிகை. கல்பாசியில் உள்ளது போன்ற ட்ரெபூக்சியா வகைப் பாசிகள் வெளியில் தனித்து வாழ்வதைக் காண்பது அரிது என்பது மெய். ஆனால் பாசி இன்றி அப்பூஞ்சையும் காட்டில் தழைப்பதில்லை. பெயர்ப்பலகையில் மட்டும் அநீதி உண்டு. தாவரப் பெயரீட்டு விதியின்படி ஒரு லைக்கனுக்கு இடும் அறிவியற்பெயர் அதிலுள்ள பூஞ்சையையே சாரும். வாசலில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் போலும்! 2016-இல் டோபி ஸ்ப்ரிபில்லே என்பவரும் உடனாய்வாளரும், பல லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாமவராக ஒருவகை நொதிப் பூஞ்சையும் குடியிருப்பதைக் கண்டு வெளியிட்டனர். ஆக, குடித்தனக் கணக்கு இன்னும் முடியவில்லை.

குரங்கின் வயிற்றினுள் நுண்ணுயிர்கள். பூஞ்சையின் மடியிலே பாசி. துணையின்றி இரண்டும் பட்டினி. இது ஒற்றுமை. வேற்றுமை எங்கே தொடங்குகிறது என்றால், மரத்திடம் இவை என்ன கேட்கின்றன என்னுமிடத்தில்.

கல்பாசியின் அடிப்புறத்தில் கறுப்பு இழைகள் இருக்கின்றன. அவை வேர்கள் அல்ல. பற்றிக்கொள்ளும் நூல்கள் மட்டுமே. பட்டையின் இறந்துபோன வெளிப்புறத்தோடு அவை நின்றுவிடுகின்றன. உயிருள்ள உட்பட்டைக்குள் சென்று சாற்றை உறிஞ்சும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. நீர் வேண்டுமா, மழையும் பனியும் தரும். தாதுப்பொருள் வேண்டுமா, காற்றில் வரும் தூசியும் பட்டை வழியே வழியும் மழைநீரும் தரும். சர்க்கரையைப் பாசி தயாரித்துக்கொள்ளும். மரத்திடம் அது பெறுவது உட்கார ஓர் இடமும் கொஞ்சம் வெளிச்சமுமே. பழைய தமிழ்நாட்டு வீடுகளின் திண்ணையில் இராத் தங்கிப் போன வழிப்போக்கனைப் போன்றது லைக்கன். கட்டுச்சோறு அவனிடமே உண்டு. மார்மொசெட்டோ கதவைத் தட்டி, இல்லை, உடைத்து, அடுக்களைக்குள்ளேயே வந்து உண்ணும் விருந்தாளி. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஊற்று வற்றினால் வேறு மரத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது; பட்டையில் வடுக்கள் நிற்கும். ஆனால் சேதம் செய்வது இன்னது என்று கேட்டால் குரங்கைத்தான் காட்ட வேண்டும், லைக்கனை அன்று.

உலக வழக்கோ இதற்கு நேர்மாறு. குரங்கைக் கண்டவர் கொஞ்சுகின்றனர். லைக்கனைக் கண்டவர் சுரண்டுகின்றனர். இது வெறும் கற்பனையன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் கையில் சில ஆண்டுகளுக்கு முன், பல மாநிலங்களில் வளாகங்களை உடைய ஓர் அலுவலகத்தின் தோட்டப் பராமரிப்புக் குறிப்பு வந்து சேர்ந்தது. மலைநாட்டு வளாகத்தின் தோட்டக்காரர்களுக்காகத் தமிழாக்க வேண்டும். மரத்தண்டுகளில் வெண்திட்டாகப் படரும் ஒட்டுண்ணிகளை இரும்புத் தகட்டால் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுக என்பது அதில் ஓர் இனம். மூலத்தில் உள்ளதை மாற்றும் உரிமை மொழிபெயர்ப்பாளனுக்கு இல்லை. ஒட்டுண்ணி என்றே எழுதிவிட்டு, இவை ஒட்டுண்ணிகள் அல்லவே, விளக்கம் தேவை என்று தனித்தாளில் ஒரு வினாவை இணைத்து அனுப்பினோம். விடை வந்தது, அவ்வினத்தை நீக்கிவிடலாம் என்று. அதற்குள் ஒரு சாலையின் இருபுறமும் நின்ற மரங்கள் சுரண்டப்பட்டு வெள்ளை பூசி நின்றன. உயிருள்ள பட்டையில் இரும்பு பட்ட இடங்களில் மரம் காயம் அடைந்திருந்தது. திண்ணையில் இருந்தவனை விரட்டுவதற்காக வீட்டுச் சுவரை இடித்த கதை.

இத்தகைய பழி லைக்கனுக்கு ஏன் வருகிறது? பட்டுப்போகும் மரத்தில் அது மிகுதியாகக் காணப்படுவதால். மரம் நலிந்து இலை உதிர்ந்தால் தண்டின்மேல் வெயில் விழுகிறது. பட்டை வளர்ச்சியும் மந்தமாகிறது. வெளிச்சமும் அசையாத இடமும் கிடைத்த லைக்கன் செழிக்கிறது. காண்போர் காரியத்தைக் காரணமாகக் கொண்டுவிடுகின்றனர். பிறமொழி வழங்கும் ஊரில் வாடகைக்குக் குடியிருப்போர்க்கு இவ்வகைத் தருக்கம் புதிதன்று. தெருவில் தண்ணீர் குறைந்தால் முதலில் யார் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணத் தொடங்கும் அண்டை வீட்டாரை நம்முள் பலர் கண்டிருக்கிறோம். ஆகவே ஒரு சொல்லை ஒரு குடியின்மேல் ஒட்டுவதற்கு முன், அது எதை உண்டு வாழ்கிறது என்று விசாரிப்பது நம் தொழிலில் உள்ளோர்க்குக் கடமையாகிறது.

லைக்கன் மரத்தை உண்பதில்லை. காற்றை உண்கிறது என்றே சொல்லலாம். அதனிடத்திலேதான் அதன் பலவீனமும் இருக்கிறது. இலைகளுக்கு உள்ள மெழுகுப் பூச்சு லைக்கனுக்கு இல்லை; காற்றில் வருவதை எல்லாம் உடல் முழுவதாலும் ஏற்றுக்கொள்ளும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டைஆக்ஸைடு அதனுள் புகுந்தால் பாசியின் பச்சையம் கெட்டு, கூட்டுக்குடித்தனம் கலைகிறது. 1866-இல் பாரிஸ் நகரத்து லக்ஸம்பர்க் தோட்டத்து மரங்களை ஆராய்ந்த வில்லியம் நைலாண்டர் என்னும் பின்லாந்து அறிஞர், லைக்கன்கள் காற்றின் தூய்மையை அளக்கும் கருவிகள் என எழுதினார். புகை பெருகப் பெருக அத்தோட்டத்திலேயே லைக்கன்கள் மறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கந்தகப் புகை குறைந்தபின் அதே தோட்டத்து மரங்களில் மீண்டும் குடியேறின. இதில் ஒரு சிறு சுவை உண்டு. ஷ்வெண்டனரின் இரட்டையர் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர்களில் இந்த நைலாண்டரும் ஒருவர். லைக்கன் யார் என்பதில் பிழைபட்டவர், லைக்கன் எதற்குச் சாட்சி என்பதைச் சரியாகக் கண்டார்.

நம் பெருநகரங்களில் வண்டி நெருக்கம் மிகுந்த சாலையோர மரங்களின் பட்டை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பிக்ஸீன் போன்ற சில தாங்கு திறன் மிக்க வகைகள் மட்டும் சாம்பல் வட்டங்களாக ஒட்டியிருக்கும். லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய வகைகளை நகரக் காற்றின் மாசை அளக்கப் பயன்படுத்தியுள்ளனர். அந்நகரத்துக்கு லைக்கன் ஆராய்ச்சியில் தனிச்சிறப்பு உண்டு. இந்திய லைக்கன் இயலின் தந்தை எனப் போற்றப்படும் தாரணி தர் அவஸ்தி, 2011-இல் மறைந்தவர், லக்னோ பல்கலைக்கழகத்தில் இருந்துதான் தம் மாணவர் பரம்பரையை உருவாக்கினார். நம் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் இன்று அறியப்பட்டுள்ளன.

குரங்குக்கும் லைக்கனுக்கும் காலக்கணக்கில் உள்ள வேற்றுமையையும் குறிப்பிட வேண்டும். மார்மொசெட் குட்டி இரண்டு ஆண்டுக்குள் வளர்ந்து ஆளாகிவிடும். இலைபோல் விரியும் லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. பட்டையோடு பட்டையாகப் படியும் பொருக்கு வகைகள் ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் ஆண்டைக் கழிப்பதும் உண்டு. குழம்புக்கு நாம் எண்ணெயில் இடும் உள்ளங்கை அகலத் துண்டு பல ஆண்டு விளைச்சல். உத்தரகண்டத்தின் குமாவுன் மலைகளில் இதனை ஜூலா என்று வழங்குகின்றனர். ராம்நகர், டனக்பூர் மூலிகைச் சந்தைகள் வழியாக அது சமவெளிக்கு இறங்குகிறது. மசாலாவுக்கு மட்டுமின்றிக் கன்னோஜ் நகரத்து அத்தர் வடிப்போர்க்கும் போய்ச் சேர்கிறது. தரையில் விழுந்த கிளைகளிலிருந்து பொறுக்கினால் குற்றமில்லை. நின்ற மரத்தின் கிளையை வெட்டி உதிர்த்தால், பத்து ஆண்டுச் சேமிப்பு ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும். மலைப்பெண்டிர் பலருக்கு இது கைச்செலவுக் காசு என்பதையும் மறத்தற்கில்லை. வாங்குவோராகிய நாம் சமையலுக்கு ஒரு விரற்கடை அளவே போதும் என்பதை நினைத்தால், விலையும் காடும் இரண்டும் பிழைக்கும். உத்தரகண்ட வனத்துறையினர் 2020-இல் முன்சியாரியில் லைக்கன்களுக்கென்றே ஒரு பூங்கா அமைத்துள்ளனர். மலைப்பயணம் செல்லும் நேயர்கள் அதனைக் காணலாம்.

குரங்கின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மனிதர் கைவிரலைப் பற்றித் தொங்கும் இதன் படங்கள் கைப்பேசி தோறும் உலவுவதால், விரல் குரங்கு என்ற பெயரில் செல்லப்பிராணியாக விற்கின்றனர். பிசின் கிடைக்காமல், பழமும் ரொட்டியும் உண்டு, வெயில் காணாத அறையில் அடைபட்ட மார்மொசெட்டுக்குக் கால்சியமும் டி வைட்டமினும் குறைந்து எலும்பு மென்மையாகிறது; நிற்கவும் இயலாது போகிறது. சுமக்கத் தந்தையும் மழலைக்கு மறுமொழி சொல்லக் கூட்டமும் இல்லாத குட்டியின் நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை. 2023 சனவரியில் சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் மலைப்பாம்புகளோடு மார்மொசெட் குரங்குகளும் பிடிபட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபின், பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். பிள்ளைகள் விரல் குரங்கு கேட்டு அடம் பிடித்தால், பெற்றோர் இவ்விரண்டு செய்திகளையும் எடுத்துச் சொல்லலாம்.

லைக்கனைக் காண்பதற்குப் பதிவும் வேண்டாம், பயணச்சீட்டும் வேண்டாம். நீங்கள் எம்மாநிலத்தில் இருப்பினும், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும் ஒரு வயதான மாமரத்தையோ பலாமரத்தையோ தேடிச் செல்லுங்கள். பட்டையில் சாம்பல் நிறத்தில் உலர்ந்து கிடக்கும் ஒரு திட்டின்மேல் சில துளி நீர் விடுங்கள். மேல்தோல் நனைந்து ஒளியை உள்ளே விடும். அதனடியில் உள்ள பாசி வெளித்தோன்றி, சிறிது நேரத்தில் அத்திட்டு பசுமை பூக்கும். ஈரம் உலர்ந்ததும் மறுபடியும் சாம்பல் நிறமாகி, அடுத்த மழைவரை அப்படியே இருக்கும்.